நாலு பிக்கப், ஐந்து சுவிட்ச், சுருதி நிற்காத பழைய ஜப்பான் கிட்டார்: எதை முதலில் தொடுவது?

காட்பாடி_ஆறுகம்பி (கேள்வி)

வணக்கம். பெயர்ப்பலகை இல்லாத பழைய ஜப்பான் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று. பின்னால் நெக் சேரும் இடத்தில் உள்ள தகட்டில் ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்’, ‘மேட் இன் ஜப்பான்’ என்று இரண்டு வரி மட்டும். ஹெட்டில் ஏதோ சின்னம் ஆணியடித்திருந்த தடம் இருக்கு, சின்னம் இல்லை. தங்கக் காகிதம் பதித்த மாதிரி நாலு பிக்கப் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்குகிற காந்தமும் காயிலும்), ஒவ்வொன்றுக்கும் ஒரு ராக்கர் சுவிட்ச், தனியா ஐந்தாவதா ஒரு சுவிட்ச், ஒரு வால்யூம், ஒரு டோன். ஆட்டும் கை வைத்த டிரெமலோ. நட்டுக்குப் பக்கத்திலேயே ஜீரோ பிரெட் (திறந்த கம்பி உட்காருகிற பிரெட்). அதிலிருந்து 12-ஆம் பிரெட் வரை 311 மி.மீ.

பிரச்சனைகள்:

நெக் பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 3 வேலை செய்யுது. 2 சுத்தமா ஊமை. 4 (பிரிட்ஜ் பக்கம்) கிணற்றுக்குள்ளிருந்து வர மாதிரி. 1, 3 இரண்டையும் சேர்த்துப் போட்டால் சத்தம் கூடணும் இல்லையா, குறையுது. தகர டப்பா தட்டின மாதிரி.

10-46 கம்பி செட் (முதல் கம்பி 0.010, ஆறாவது 0.046 அங்குலக் கனம்) போட்டிருக்கு. 12-ஆம் பிரெட்டில் கம்பி உயரம் 3.5 மி.மீ., பிரிட்ஜோ அடிமட்டம் வரை இறக்கியாச்சு. மூணாவது கம்பி 12-இல் 20 சென்ட் (நூறு சென்ட் அரை சுரம்) ஏறிப் பேசுது. மற்றது 5 முதல் 10.

டிரெமலோ ஒரு தடவை அமுக்கினால் சுருதி போயிடுது. இரைச்சல் இருக்கு. சர்ச் மிக்ஸரில் நேரா சொருகினால் கம்பளி போர்த்தின மாதிரி மந்தமா கேட்குது.

பிக்கப்பை மாத்தி வேற போடச் சொல்லாதீங்க. அந்தக் குரலுக்காகத்தான் வெச்சிருக்கு. வேலூர் சுற்றுவட்டாரத்திலேயே முடியற வேலை எது, எந்த வரிசையில் செய்யணும்?

---

பாகாயம்_சால்டர்

எழுதின விதமே பாதி வேலையை முடிச்சிடுச்சு. பெரும்பாலும் ‘கிட்டார் சரியில்லை’ன்னு ஒரு வரிதான் வரும்.

முதலில் அது என்னன்னு. 1946-இல் டோக்கியோவில் தொடங்கிய டெய்ஸ்கோ, 1967-இல் காவாய் கைக்குப் போனது. அந்தக் காலத்து ஜப்பான் பட்டறைகள் ஒரே மாதிரி கிட்டாரை இறக்குமதி செய்கிறவர் கேட்ட பெயரில் அடிச்சுக் கொடுத்தாங்க: டெய்ஸ்கோ டெல் ரே, கிங்ஸ்டன், சில்வர்டோன் என்று. அதனால் பெயர் இல்லாததைப் பற்றிக் கவலை வேண்டாம். தகட்டில் உள்ள அந்த ‘ஸ்டீல்’ வரிதான் முக்கியம். நெக்குக்குள் இரும்புப் பட்டை நிலையா பதிச்சிருக்கு, திருகி நிமிர்த்துகிற ராடு பெரும்பாலும் இருக்காது என்று அர்த்தம். அதை நெக் தெரிஞ்சவங்க சொல்லட்டும். நான் கரண்ட் பக்கம் மட்டும்.

எதையும் கழற்றும் முன் அளவு எடுங்க. மஞ்சள் கலர் சாதா மல்டிமீட்டரே போதும். 20 கிலோ ஓம் ரேஞ்ச். கேபிளைக் கிட்டாரில் சொருகி, மறுமுனை பிளக்கின் நுனியிலும் உடம்பிலும் முள்ளை வையுங்க. வால்யூம், டோன் முழுசா. ஒரு நேரத்தில் ஒரு பிக்கப் மட்டும். இந்த வகை கோல்டு ஃபாயில் (தங்கக் காகித) பிக்கப் சாதாரணமா 4 முதல் 8 கிலோ ஓமுக்குள் காட்டும். திரையின் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றால் அந்த ரேஞ்சுக்கு மேலே. ரேஞ்சை 2000 கிலோவுக்கு ஏத்திப் பாருங்க. வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள மாறும் தடை) 500 கிலோவா இருந்தால் அது எப்பவும் பக்கவாட்டில் சேர்ந்தே நிற்கும், அதனால் 6.2 உள்ள காயில் 6.1-ன்னு காட்டும். அது தப்பில்லை. சுத்தமா அறுந்த காயில் என்றால் பாட்டின் அளவு மட்டும், 500-க்குப் பக்கத்தில் காட்டும்.

இன்னொண்ணு, செம்புக் கம்பியின் தடை சூட்டோடு ஏறும், ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம். 25 டிகிரியில் 6.0 காட்டுகிற காயில், கத்திரி வெயிலில் 40 டிகிரி அறையில் 6.35 காட்டும். காயில் கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேண்டாம். நாலையும் ஒரே நேரத்தில் அளந்து ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்க.

அடுத்து ஃபேஸ், அதாவது இரண்டு பிக்கப்பின் சிக்னலும் ஒரே திசையில் போகுதா என்பது. 1-ஐ மட்டும் போட்டு, மீட்டரை அதே 20 கிலோவில் வைத்து, இரும்புத் திருப்புளியைப் பிக்கப் முகத்தில் வையுங்க, பிறகு சட்டென்று எடுங்க. எடுக்கிற நொடியில் எண் ஏறுதா இறங்குதா என்று குறிச்சுக்குங்க. 3-க்கும் அதே மாதிரி. ஒன்று ஏறி மற்றது இறங்கினால் இரண்டும் எதிரெதிர். நீங்க சொன்ன தகர டப்பா சத்தத்துக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்தக் கிட்டார்களில் பிக்கப்புகள் இணையாகத்தான் சேருது. 6 கிலோ பிக்கப் நாலும் போட்டால் மொத்தம் 1.5 கிலோதான். ஃபேஸ் சரியா இருந்தாலும் நாலும் போட்ட குரல் மெல்லிசா, கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அதைக் குறைன்னு நினைச்சு ஒயரை மாத்திடாதீங்க. அது அந்தக் கிட்டாரோட இன்னொரு குரல்.

இரைச்சலுக்கு: கம்பியிலிருந்து பிளக்கின் உடம்பு வரை 2 ஓமுக்குள் வரணும். வரலைன்னா டிரெமலோ தகட்டுக்கு அடியில் போகிற எர்த் ஒயர் விட்டிருக்கு. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் வயரிங் சரி, ஷீல்டு மட்டும் பத்தலை. தொட்டதும் கூடினால் ஜாக்கில் ஒயர் மாறியிருக்கு அல்லது வீட்டு எர்த்தில் கோளாறு.

---

வாலாஜா_வயர்மேன்

மேலே கடைசி வரியை யாரும் லேசா எடுத்துக்காதீங்க. பழைய ஆம்பில் இரண்டு முள் பிளக், சர்ச்சிலோ கல்யாண மேடையிலோ மைக் வேறு போர்டிலிருந்து. கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக். நடுவில் நீங்கதான் ஒயர்.

வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி 750-இல் வைத்து, ஒரு முள் கம்பியில், மறு முள் மைக் வலையில். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் சரி. பத்து இருபதுக்கு மேலே என்றால் வாசிக்காதீங்க, காரணம் கண்டுபிடிச்ச பிறகுதான். ஆம்பும் மிக்ஸரும் ஒரே மூணு முள் போர்டிலிருந்து, அந்த போர்டுக்கு மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானா அணைகிற சுவிட்ச்). இவ்வளவுதான். இரைச்சல் போகணும்னு எர்த் முள்ளை ஒடிக்கிறவங்க இருக்காங்க, அதை மட்டும் செய்யாதீங்க.

---

தொரப்பாடி_இழைப்புளி

தம்பி, கரண்ட் ஆள் சொன்னது சரி. ஆனா வாசிக்கக் கைக்கு வரணும்னா மரத்தை முதலில் பார்க்கணும். 3.5 மி.மீ. உயரத்தில் யார் அளந்தாலும் சுருதி ஏறித்தான் காட்டும். கம்பியை அவ்வளவு தூரம் அமுக்கும்போதே இழுபட்டுடும். அதனால் 20 சென்ட், 10 சென்ட் கணக்கை இப்போதைக்கு மறந்துடுங்க. உயரம் சரியான பிறகு எடுக்கிற அளவுதான் அளவு.

நெக் வளைவு எப்படிப் பார்க்கறது: சுருதி சேர்த்த நிலையிலேயே முதல் பிரெட்டில் கேப்போ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கிற கிளிப்) போடுங்க. ஆறாவது கம்பியைக் கடைசி பிரெட்டில் அமுக்கிப் பிடிங்க. நடுவில் 7, 8-ஆம் பிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கணும். டூவீலர் மெக்கானிக் வால்வு அட்ஜஸ்ட் பண்ண வெச்சிருப்பாரே, அதே கேஜ். 0.10 முதல் 0.25 வரை நல்லது. 0.3 ஓடும். 0.5-ஐத் தாண்டினால் கம்பி செட்டின் இழுப்பு அந்த நெக்குக்கு அதிகம்.

இழுப்புக் கணக்கு: 10-46 செட் 25.5 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிர்கிற நீளம், 12-ஆம் பிரெட் வரை உள்ளதன் இரு மடங்கு) மொத்தம் சுமார் 46 கிலோ இழுக்கும். உங்களுடையது 622 மி.மீ., அதாவது 24.5 அங்குலம், அதில் சுமார் 43 கிலோ. 9-42 போட்டால் 35 கிலோ. எட்டு கிலோ குறையுது. ராடு இல்லாத நெக்குக்கு இந்த எட்டு கிலோதான் உங்க கையில் இருக்கிற ஒரே திருப்புளி. கம்பியைத் தளர்த்தி ஒரு ராத்திரி விட்டு மறுநாள் அளவுகோல் வைத்துப் பாருங்க. நெக் தானா நேராயிட்டா சின்ன செட் போட்டாலே போதும். தளர்த்தியும் வளைஞ்சே இருந்தால்தான் ஆசாரி வேலை.

மொட்டை மாடி வெயிலில் கவுத்துப் போட்டு நடுவில் கல் வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வாங்க. வேலூர் வெயிலுக்குப் பசை இளகும், அது உண்மைதான். ஆனால் எந்தப் பசை இளகும்னு நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. ஃபிங்கர்போர்டு ஒரு பக்கம் கிளம்பும், ப்ளைவுட் பாடி ஓரத்தில் விரியும்.

பிரிட்ஜ் அடிமட்டத்துக்குப் போயும் உயரம் குறையலைன்னா நெக் கோணம்தான் தப்பு. நாலு ஸ்குரூவையும் கழற்றி நெக்கை எடுங்க. பாக்கெட்டுக்குள் பழைய அட்டை, பெயிண்ட் கட்டி, மரத்தூள் ஏதாவது இருக்கான்னு பாருங்க. கோணத்தைப் பின்னுக்குச் சாய்க்க, பாக்கெட்டில் பிரிட்ஜ் பக்கத்து ஓரமா ஒரு அட்டைத் துண்டு வைக்கணும். கல்யாணப் பத்திரிகை அட்டையே நல்ல சரக்கு. ஒரு தாள் கால் மில்லி வரும், காலிப்பரில் பார்த்துக்குங்க. உங்க ஸ்கேலுக்கு, பாக்கெட் நீளத்தை 65 மி.மீ. என்று வெச்சுக்கிட்டால், அரை மில்லி அட்டை 12-ஆம் பிரெட்டில் கம்பியை ஏறக்குறைய 1 மி.மீ. இறக்கும். அதனால் கால் கால் மில்லியாத்தான் ஏத்தணும். ஒரே தடவை ஒரு மில்லி வெச்சுட்டு, அப்புறம் பிரிட்ஜ் ஏத்த இடமில்லைன்னு வராதீங்க.

நெக்கைத் திரும்ப மாட்டும்போது ஸ்குரூ நுனியைச் சோப்புக்கட்டியில் லேசா தேய்ச்சு, முதலில் இடப்பக்கம் சுத்திப் பழைய மரை ‘க்ளிக்’னு விழுந்த பிறகு வலப்பக்கம் இறுக்குங்க. இல்லைன்னா புது மரை வெட்டிப் பழைய துளை நாசமாயிடும். கூடவே ஜீரோ பிரெட்டைப் பாருங்க. அதில் கம்பி அறுத்த பள்ளம் இருந்தால் திறந்த கம்பி மட்டும் இரையும், அமுக்கினால் சுத்தமா இருக்கும். அப்படின்னா அந்த ஒரு பிரெட்டை மட்டும் மாத்தினால் போதும். பக்கத்தில் உள்ள நட் வெறும் இடைவெளி காக்கிற சீப்பு, உயரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

பிரெட்டுகள் சரியான இடத்தில்தான் இருக்கான்னும் ஒரு தடவை அளவுகோல் வைத்துப் பார்த்துடுங்க. 622-க்கு ஜீரோ பிரெட்டிலிருந்து முதல் பிரெட் 34.9 மி.மீ., ஐந்தாவது 156, ஏழாவது 207. இதில் ஒரு மில்லி தப்பினால் பிரிட்ஜை எங்கே நகர்த்தினாலும் தீராது.

---

லாங்பஜார்_மெல்லிசை

மூணாவது கம்பி ஏன் தனியா முரண்டு பிடிக்குதுன்னு யாரும் சொல்லலையே. இந்தக் கிட்டார் செய்த காலத்தில் மூணாவது கம்பி சுற்றுக்கம்பி (நடுக்கம்பி மேல் இன்னொரு கம்பி சுற்றினது). பிரிட்ஜின் வெட்டே அதுக்காகத்தான். இப்போ வர 9, 10 செட்டில் மூணாவது வெறும் கம்பி. சுற்றுக்கம்பிக்குள் இருக்கிற நடுக்கம்பி மெல்லிசு, சுற்று இல்லாத 0.017 அங்குலக் கம்பி முழுக்க விறைப்பு. விறைப்பான கம்பிக்குப் பிரிட்ஜ் இன்னும் பின்னால் இருக்கணும்.

622 ஸ்கேலில் பிரிட்ஜை ஒரு மி.மீ. நகர்த்தினால் 12-ஆம் பிரெட்டில் சுமார் 2.8 சென்ட் மாறும். 20 சென்ட்டை அதால் சரிக்கட்டணும்னா 7 மி.மீ. பின்னால் தள்ளணும். அப்போ மற்ற ஐந்தும் இறங்கிப் பேசும். அதனால் மூணாவதுக்கு மட்டும் 0.018 சுற்றுக்கம்பியைத் தனியா வாங்கிப் போடுங்க. உள்ளூரில் உதிரியா கிடைக்கலைன்னா சென்னையில் பெரிய மியூசிக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். மற்றது 9-42 செட்டிலேயே இருக்கட்டும்.

பிரிட்ஜ் நகர்த்துகிற விதி: 12-இல் ஹார்மோனிக் (கம்பியை அமுக்காமல் லேசா தொட்டு) அடிச்சு, பிறகு அமுக்கி அடிங்க. அமுக்கினது ஏறினால் பிரிட்ஜ் பின்னால், இறங்கினால் முன்னால். ஆறாவது, முதல் கம்பி இரண்டுக்கும் சரிக்கட்டினால் பிரிட்ஜ் கொஞ்சம் சாய்வாத்தான் நிற்கும். நின்ற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுடுங்க. கம்பி மாத்தும்போது எல்லாத்தையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது நகர்ந்திடும், ஒண்ணொண்ணா மாத்தணும்.

மிக்ஸர் விஷயம் சுலபம். கிட்டார் பிக்கப்புக்கு எதிரே 1 மெகா ஓம் வேணும். மிக்ஸரின் லைன் சாக்கெட் பெரும்பாலும் 10 முதல் 50 கிலோவுக்குள். அந்தச் சுமையில் மேல் ஓசை எல்லாம் படுத்துடும். 1 மெகா உள்ளீடு உள்ள ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் (கிட்டாரை மிக்ஸருக்குப் பொருத்துகிற சின்னப் பெட்டி) ஒண்ணு நடுவில் போடுங்க, அல்லது பஃபர் உள்ள ஏதாவது பெடல். பாஸிவ் டி.ஐ. இதுக்கு வேண்டாம். கேபிளும் 3 மீட்டரே போதும். மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் என்று வைத்தால் 10 மீட்டர் கேபிள் டோனைக் கால்வாசி மூடின மாதிரி.

டிரெமலோவுக்கு நட்டின் வெட்டிலும் பிரிட்ஜ் பள்ளத்திலும் 2பி பென்சில் கரி. ட்யூனிங் கீயில் கம்பி இரண்டு மூணு சுற்று, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல். ட்யூனிங் கீயின் பல்லுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு. அவ்வளவு செஞ்சும் நிற்கலைன்னா, அது அரை சுரம் ஆட்டத்துக்குப் பண்ண சாமான், ஆழமா முக்காதீங்க. பெரிய மெல்லிசைக் கச்சேரி நாளில் ஸ்பிரிங்கோட சேர்த்து ஒரு மரத்துண்டு வைச்சு அசையாமல் பூட்டிடறதே மேல்.

---

ஆம்பூர்_பட்டறை

4-ஆவது பிக்கப் கம்பிக்கு ரொம்பத் தூரமா இருக்கலாம். கடைசி பிரெட்டை அமுக்கினால் பிக்கப் முகத்துக்கும் கம்பிக்கும் 2, 3 மி.மீ. இருந்தால் நல்லது. இந்த வகையில் உயரம் ஏத்த ஸ்பிரிங் இல்லை, பாடி மேலேயே ஸ்குரூ போட்டிருக்கும். அடியில் தோல் துண்டு வைச்சு ஏத்துங்க, இங்கே கழிவுத் தோலுக்கா பஞ்சம்?

---

பாகாயம்_சால்டர்

ஸ்ட்ராப்புக்குத் தோல் போடுங்க. இரண்டரை மில்லி கனம், 50 மி.மீ. அகலம், அருமையா இருக்கும். பிக்கப் அடியில் வேண்டாம். பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் கொஞ்சம் தங்கியிருக்கும், மழைக்காலத்து ஈரத்தில் இரும்புத் தகடு துருப்பிடிக்கும், மெல்லிய செம்புக் கம்பி பச்சையாகும். அதே ஆம்பூர் ஷூ பட்டறையில் 2 மி.மீ. ஈ.வி.ஏ. ஷீட் கிடைக்குமே, அதுதான் சரி.

---

குடியாத்தம்_குமிழ்

பிக்கப் எல்லாத்தையும் மெழுகில் முக்கி எடுத்துடுங்க ப்ரோ. கீச்சுன்னு கத்தறதும் நிற்கும், இரைச்சலும் போகும்.

---

பாகாயம்_சால்டர்

குமிழ், இரண்டும் வேற வேற. மெழுகு காயிலின் அதிர்வைத்தான் நிறுத்தும், 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைத் தொடாது. அதைக் குறைக்கச் செம்பு டேப் ஷீல்டு. காயில் தளர்ந்து ஆம்ப் பக்கத்தில் போனதும் கீச்சிட்டால் மட்டும் மெழுகு. அப்பவும் முதலில் மூடிக்கும் காயிலுக்கும் நடுவில் மெல்லிய ஸ்பாஞ்சு வைத்துப் பாருங்க, பல நேரம் அதோடு தீரும். தங்கக் காகிதம் ஒட்டின மூடியோடு மெழுகில் போட்டால் காகிதம் கறைபடும். மூடியைக் கழற்றி, 80 பங்கு பாரஃபின், 20 பங்கு தேன்மெழுகு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60–65 டிகிரி, பத்து நிமிஷம். 70-ஐத் தாண்டினால் பழைய பிளாஸ்டிக் பாபின் (காயில் சுற்றின சட்டம்) வளையும். நேரடி அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும்.

---

காட்பாடி_ஆறுகம்பி

எல்லாருக்கும் நன்றி. அளந்தது இது:

ஜாக்கில்: 1 = 6.1, 3 = 6.0 கிலோ ஓம். 2 போட்டால் 490. 4 போட்டால் நிற்கவே இல்லை. 160, 210, 180 என்று தாவுது. பிக்கார்டைத் திறந்து 4-இன் ஒயரில் நேரா வைத்தால் 6.3, அசையாமல் நிற்குது.

திருப்புளி சோதனை: 1-இல் எண் ஏறுது, 3-இல் இறங்குது. திசைகாட்டி வைத்துப் பார்த்தேன், 1-உம் 3-உம் காந்த முகம் எதிரெதிர்.

நெக்: கேப்போ போட்டு 0.45. தளர்த்தி ஒரு ராத்திரி விட்டதும் ஏறக்குறைய நேர். நெக்கைக் கழற்றினால் பாக்கெட்டில் 0.8 மி.மீ. அட்டை, அதுவும் ஹெட் பக்கத்து ஓரத்தில்! பிரெட் அளவு எல்லாம் சரியா இருக்கு. ஜீரோ பிரெட்டில் பள்ளம் இல்லை.

---

தொரப்பாடி_இழைப்புளி

அட்டையை யாரோ தலைகீழா வெச்சிருக்காங்க தம்பி. அது நெக்கை முன்னால் தள்ளுது. அதை எடுத்தாலே 12-இல் 1.1 மி.மீ. வரை இறங்கும், 3.5 என்பது 2.4 ஆகும். 9-42 போட்டதும் வளைவு குறைஞ்சு இன்னும் கொஞ்சம் இறங்கும். அதுக்கும் பிறகு பிரிட்ஜ் அடிமட்டத்திலேயே இருந்தால் பிரிட்ஜ் பக்கத்து ஓரத்தில் கால் மில்லி அட்டை ஒண்ணு. ஆறாவது கம்பி 2.2, முதல் கம்பி 1.7-இல் நிறுத்துங்க. அதைவிட இறக்கினால் பழைய பிரெட்டில் இரையும்.

புதுக் கம்பி போட்டு இரண்டு நாள் விட்டுத்தான் பிரிட்ஜ் நகர்த்தும் வேலை.

---

பாகாயம்_சால்டர்

4-இன் காயில் நல்லாத்தான் இருக்கு, சுவிட்ச்தான் கெட்டிருக்கு. 500 கிலோ பாட்டோட சேர்ந்து 190-ஐச் சுற்றிக் காட்டணும்னா சுவிட்ச் முனையில் மட்டும் 300 கிலோ தடை நிற்குது. சத்தமும் போகும், கேபிளோட சேர்ந்து மேல் ஓசையும் போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைச்ச விசிட்டிங் கார்டுத் துண்டை முனைகளுக்கு நடுவில் விட்டு, சுவிட்சை அமுக்கிக்கிட்டே இழுங்க. கறுப்பு வராத வரை, நாலு சுவிட்சுக்கும். உப்புத்தாள் போட்டு உரசாதீங்க, மேல்பூச்சு போயிட்டா மறுபடி சீக்கிரம் கறுக்கும்.

3-க்கு இரண்டு ஒயரை மாத்திப் போட்டாலே ஃபேஸ் சேர்ந்திடும். காந்தமும் எதிரா இருப்பதால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: மாத்தின பிறகு 1+3 சேர்ந்து போட்டால் இரைச்சல் ஒன்றை ஒன்று அடிச்சுக்கும், ஹம்பக்கர் (இரைச்சல் அடிபடுகிற இரட்டைக் காயில் பிக்கப்) மாதிரி. மாத்தும் முன் ஒன்று பாருங்க. எர்த் ஒயர் பிக்கப்பின் அடித்தகட்டோடு ஈயம் வைத்திருந்தால், அப்படியே மாத்தினால் தகடே சிக்னல் பக்கம் போய் ஏரியல் மாதிரி இரைச்சலை இழுக்கும். தகட்டுக்குத் தனி எர்த் ஒயர் இழுத்த பிறகு காயில் ஒயரை மாத்துங்க. 25 வாட் அயர்ன், 60/40 ஈயம், ஒரு முனையில் மூணு நொடிக்கு மேல் வேண்டாம்.

2 அறுந்திருக்கு. உடனே காயில் கட்ட ஓடாதீங்க. பல நேரம் அறுந்த இடம் வெளி ஒயர் சேருகிற முனையில்தான், பழைய ஃப்ளக்ஸ் பச்சைப் பிடிச்சு அரிச்சிருக்கும். முடியைவிட மெல்லிசு என்பதால் கண்ணுக்குத் தெரியாது. சாரதி மாளிகைப் பக்கம் மொபைல் சர்வீஸ் செய்கிறவங்களிடம் மைக்ராஸ்கோப் இருக்கும், ஜம்பர் ஒயர் வைத்துப் பழகின கை. வெளிமுனையை ஒரு சுற்று அவிழ்த்து, எனாமல் சுரண்டி, ஈயம் தொட்டுக் கொடுத்தால் உயிர் வரலாம்.

அதுவும் ஆகலைன்னா மோட்டார் காயில் கட்டும் கடை. இங்கேதான் நிறைய பேர் ஏமாறறாங்க. வெளிநாட்டுக் கிட்டார்க்காரங்க 42 கேஜ் என்று சொல்வது அமெரிக்கக் கணக்கு, 0.063 மி.மீ. நம்ம கடையில் 42 கேட்டால் பிரிட்டிஷ் கணக்கான எஸ்.டபிள்யூ.ஜி. 42 தருவாங்க, அது 0.10 மி.மீ.; பாபினில் பாதி சுற்றுக்கூட ஏறாது. நீங்க கேட்க வேண்டியது 46 எஸ்.டபிள்யூ.ஜி., 0.061 மி.மீ. கடையில் வழக்கமா இருக்காது, சென்னை ரிச்சி தெருப் பக்கம் போகிறவங்களிடம் சொல்லி வையுங்க. பழைய காயிலை அறுத்துப் போடும் முன் சுற்றின திசையைக் குறிச்சுக்குங்க. மற்ற மூணும் 6.0–6.3-இல் நிற்பதால், அதே தடை வரும் வரை சுற்றச் சொல்லுங்க. கம்பி 0.061 கொஞ்சம் மெல்லிசு, அதனால் 6.5 வரை ஏறினாலும் சரிதான். பம்ப் மோட்டார் கட்டுகிற வேகத்தில் இழுத்தால் அறுந்திடும். விரல் நடுவில் பஞ்சுத் துணி வைத்து மெதுவா.

---

குடியாத்தம்_குமிழ்

இவ்வளவு பாடுபடறதுக்கு இது சோவியத் கிட்டாரா இருந்தா இன்னும் வேடிக்கையா இருந்திருக்கும். ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் செய்த யூரலில் சாதா ஜாக்கே இல்லை, பழைய டேப் ரெக்கார்டர் மாதிரி ஐந்து முள் வட்ட சாக்கெட். கேபிளையே கட்டணும்.

---

லாங்பஜார்_மெல்லிசை

அதுக்குத் தனித் திரி போடுங்க குமிழ்.

காட்பாடி தம்பி, வைக்கிற இடம் பற்றி ஒரு வார்த்தை. உறைக்குள் பாச்சை உருண்டை போட்டு வைக்கிற பழக்கம் நிறைய வீட்டில் உண்டு. நாப்தலீன் ஆவி சில பழைய பிளாஸ்டிக்கை இளக்கும். பிக்கார்டு, வால்யூம் குமிழ், ட்யூனிங் கீயின் தலை எல்லாம் பிசுபிசுக்கும். அதுக்குப் பதில் சிலிக்கா ஜெல் பொட்டலம், ஐப்பசி கார்த்திகையில் மட்டும். சித்திரை வைகாசியில் பீரோ மேலேயும் கார் டிக்கியிலும் வைக்காதீங்க. கான்கிரீட் தளத்துக்குக் கீழ் பீரோ மேல்தான் அறையிலேயே சூடான இடம். கட்டில் மட்டத்துக்குக் கீழே, வெளிச்சுவரைத் தொடாமல்.

---

காட்பாடி_ஆறுகம்பி

அட்டையை எடுத்து 9-42, மூணாவது 0.018 சுற்றுக்கம்பி போட்டாச்சு. 12-இல் 2.2. மூணாவது இப்போ 4 சென்ட், மற்றது 3-க்குள். சுவிட்ச் துடைச்சதும் 4-ஆவது கத்துது. 3-இன் எர்த் தகட்டோடதான் ஒட்டியிருக்கு, நல்லவேளை சொன்னீங்க. 2-ஐ மைக்ராஸ்கோப்புக்கு எடுத்துட்டுப் போறேன். அந்த ஐந்தாவது சுவிட்ச் மட்டும் இன்னும் புரியலை, போட்டால் சத்தம் லேசா மந்தமாகுது.

---

பாகாயம்_சால்டர்

அதன் பின்னால் ஒரு சின்ன கெப்பாசிட்டர் தெரியுதா? தெரிஞ்சால் ரிதம்-சோலோ சுவிட்ச். சோலோ பக்கம் நேர்வழி. ரிதம் பக்கம் அந்தக் கெப்பாசிட்டர் மேல் ஓசையை எர்த்துக்கு விடும். கழற்றிடாதீங்க. 1-ஐ மட்டும் போட்டு, ரிதம் பக்கம் தள்ளி, உள்ளங்கையைப் பிரிட்ஜ் ஓரத்தில் லேசா வைச்சு ஆறாவது கம்பியில் அடிச்சுப் பாருங்க.